சுகாதார இலாகாவும் ஜனங்களின் நம்பிக்கையும்

2020-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 19-ந் தேதி இரவு சென்னையில் நிகழ்ந்த காரியத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோவிட் நோய்க்குப் பலியான ஒரு வைத்தியரின் உடலை அடக்கஞ் செய்யக் கொண்டுபோன வண்டியை ஒரு கூட்டம் மறித்தது. கல்லும் கட்டையும் வீசிற்று. உடன் சென்ற ஊழியர்கள் காயமுற்றனர். பின்னர் போலீஸ் காவலில், அவரோடு வேலை பார்த்த வைத்தியர் ஒருவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட நேர்ந்தது. புதைத்த உடலிலிருந்து நோய் பரவுமென்ற பயம் வேண்டாமென்று சுகாதார இலாகா முன்னரே சொல்லியிருந்தது. சொன்னது மெய்; ஆயினும் சொன்னவரை அக்கூட்டம் நம்பவில்லை.

இத்தகைய சமயங்களில் நம்மவருள் படித்தவர்கள் ஒரு விடையைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் அறியாமையில் மூழ்கியிருக்கிறார்கள், தண்டித்தால்தான் வழிக்கு வருவார்கள் என்பதே அது. கல்லெறிந்தவரைத் தண்டிக்க வேண்டியதுதான். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அவநம்பிக்கை ஓரிரவில் முளைப்பதன்று. அதற்கு வேர் உண்டு. அவ்வேரைக் காண விரும்புவோர் பம்பாய்க்கும் புனாவுக்கும் போக வேண்டும்.

1896 செப்டம்பரில் பம்பாய் நகரத்து மாண்டவி வட்டாரத்தில் பிளேக் நோய் கண்டது. அந்நோய் எப்படிப் பரவுகிறதென்று அப்போது எந்த வைத்தியருக்கும் தெரியாது. தெரியாதென்று ஒப்புக்கொள்ள எந்த உத்தியோகஸ்தருக்கும் மனமில்லை. ஆகவே, தெரிந்தவர்கள் போலவே காரியம் நடந்தது. நோயாளிகளைப் பலவந்தமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வீட்டாரைப் பிரித்து முகாம்களில் அடைத்தார்கள், சாமான்களைக் கொளுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்புவதில்லை என்று ஊர் கண்டது. உடலிலிருந்து தைலம் வடிக்கிறார்கள் என்று ஊர் பேசிற்று. நகரிலிருந்த விக்டோரியா ராணியின் சிலைமேல் யாரோ தாரைப் பூசியிருந்தார்கள். அதற்குப் பழி வாங்கவே ராணி குடிகளின் இருதயங்களைக் கேட்கிறாள் என்றும் ஒரு வதந்தி உலாவிற்று. சிரிக்கத்தக்கதுதான். ஆனால் தாயைச் சிப்பாய் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு வந்திராது. அவ்வருஷம் அக்டோபர் 29-ந் தேதி மில் தொழிலாளிகள் ஏறக்குறைய ஆயிரம் பேர் திரண்டு ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினர்.

சர்க்கார் அளித்த விடை 1897 பிப்ரவரியில் வந்த தொற்றுநோய்ச் சட்டம். நாம் வக்கீல் தொழில் பழகியவராதலால் இச்சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. மிகச் சிறிய சட்டம் அது. தேவை என்று தோன்றிய எந்த நடவடிக்கையையும் எடுக்கலாமென்று ஒரு பிரிவு; மீறுவோருக்குத் தண்டனை என்று ஒரு பிரிவு; இச்சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் காரியம் செய்தவர்மீது எவரும் வழக்குத் தொடர முடியாதென்று ஒரு பிரிவு. அதிகாரமும் அபயமும் உத்தியோகஸ்தருக்கு, கீழ்ப்படிதல் குடிகளுக்கு. நோயாளி எதைக் கேட்கலாம், அவன் வீட்டாருக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பது பற்றி ஓர் எழுத்துமில்லை.

இச்சட்டத்தின் துணைகொண்டு புனாவில் நடந்தது உலகறிந்தது. ராண்ட் என்னும் சிவில் உத்தியோகஸ்தரின் தலைமையில் பிளேக் கமிட்டி அமைந்தது. மார்ச்சு 13 முதல் மே 19 வரை எண்ணூறுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் வீடுவீடாகப் புகுந்து சோதனையிட்டார்கள். அடுக்களையும் பூஜையறையும் தப்பவில்லை. ஸ்திரீகள் பலர் முன்னிலையில் பரிசோதிக்கப்பட்டதாகக் குமுறல் எழுந்தது. விண்ணப்பங்கள் போயின, பயனில்லை. ஜூன் 22-ந் தேதி, ராணியின் வைரவிழா இரவில், சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். உடன்வந்த அயர்ஸ்ட் அங்கேயே மாண்டார். ராண்ட் ஜூலை 3-ந் தேதி இறந்தார். தாமோதர சாபேகர் தூக்கிலேறினார். கேசரியில் எழுதியவற்றுக்காக லோகமான்ய திலகர் ராஜத்துவேஷக் குற்றஞ் சாட்டப்பட்டுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். கொலையை நாம் நியாயம் என்று சொல்லவில்லை. அதே 1897-ல், அதே புனாவில், சாவித்திரிபாய் பூலே அம்மையார் நோயாளிகளைத் தம் கையால் பராமரித்து, அந்நோயாலேயே மார்ச்சு 10-ந் தேதி உயிர்நீத்தார் என்பதையும் நினைக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றாலே அஞ்சிய ஊரில் அம்மையாரிடம் நோயாளிகள் வந்தார்கள்.

பத்திரிகைக்காரராகிய நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டிய சங்கதியும் இச்சரித்திரத்தில் உண்டு. அப்போது இங்கிலாந்திலிருந்த கோகலே அவர்கள், புனாவிலிருந்து வந்த கடிதங்களை நம்பி, சிப்பாய்கள் ஸ்திரீகளை மானபங்கஞ் செய்ததாகப் பகிரங்கமாய்க் குற்றஞ்சாட்டினார். ஊர் திரும்பியதும் ருசுப்படுத்த முடியவில்லை. கடிதம் எழுதியவர்கள் முன்வரவில்லை. நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டார். அவரைக் கோழை என்று ஏசியவர்கள் உண்டு. தாம் சொன்னதை ருசுப்படுத்த இயலாதபோது அதைத் திரும்பப் பெற்ற மனிதரின் வார்த்தைக்கு மதிப்புக் கூடுமா, குறையுமா? பின்வந்த ஆண்டுகளில் தேசம் அவருக்களித்த ஸ்தானமே இதற்கு விடை.

சர்க்காருக்கு இத்துணிவு வர நாட்களாயின. 1898 மார்ச்சில் பம்பாயிலும், 1900 ஏப்ரலில் கான்பூரிலும் கலகம் நேர்ந்த பிறகே பலாத்காரம் தளர்ந்தது. அந்தந்தச் சமூகத்தார் தங்கள் சொந்த ஆஸ்பத்திரிகளை நடத்திக்கொள்ள இடமளிக்கப்பட்டது. ஊசி போட்டுக்கொள்வது அவரவர் இஷ்டமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், பிளேக் பரவுவது எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியால் என்று 1898-ல் கராச்சியில் சைமண்ட் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கண்டறிந்தார். 1905-ல் தொடங்கிய ஆராய்ச்சிக் கமிஷன் அதை ஊர்ஜிதஞ் செய்தது. அப்படியாயின் சட்டியையும் துணியையும் உடைத்ததும் எரித்ததும் பெரும்பாலும் வீண். வீட்டை விட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்ட பாமரனோ, அறிந்தோ அறியாமலோ, நல்ல காரியத்தைச் செய்தான்.

தடுப்பூசியின் கதை இன்னும் படிப்பினையுள்ளது. ருஷியாவில் பிறந்த ஹாப்கின் என்னும் யூத விஞ்ஞானி பம்பாய் கிராண்டு வைத்தியக் கல்லூரியில் பிளேக் ஊசியைத் தயாரித்து, 1897 ஜனவரி 10-ந் தேதி முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். இருபது வயதேயான ஆகாகான் தம் சமூகத்தார் காணத் தாமும் போட்டுக்கொண்டார். கோஜாக்கள் பெருவாரியாக அவரைப் பின்பற்றினர். வைஸ்ராயின் பிரகடனத்தால் ஆகாதது இதனால் ஆயிற்று. ஆனால் 1902 அக்டோபர் 30-ந் தேதி பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் 107 பேர் ஊசி போட்டுக்கொண்டதில், ஒரே புட்டியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேர் ரணஜன்னி கண்டு மாண்டனர். விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பழி ஹாப்கினின் சோதனைச்சாலைமேல் விழுந்தது. அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். புட்டியைத் திறந்த இடத்தில், தரையில் விழுந்த இடுக்கியைச் சரிவரச் சுத்தம் செய்யாமல் உபயோகித்த சங்கதி சாட்சியத்தில் இருந்தும் உரிய கவனம் பெறவில்லை. ரொனால்டு ராஸ் முதலிய விஞ்ஞானிகள் 1907-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வாதாடிய பின்னரே அவர்மீதிருந்த களங்கம் நீங்கிற்று. அந்த ஐந்து வருஷமும் பஞ்சாபுக் குடியானவன் எதை நம்பியிருப்பான்?

இனி நம் காலத்துக்கு வருவோம். 2021 ஏப்ரல் 15-ந் தேதி நடிகர் விவேக், பிறருக்கு வழிகாட்டும் நல்லெண்ணத்துடன், சென்னை சர்க்கார் ஆஸ்பத்திரியில் கோவிட் ஊசி போட்டுக்கொண்டார். 17-ந் தேதி மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று அதிகாரிகள் உடனே கூறினர். ஆராய்ந்து அதையே சொல்லும் மத்தியக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளியாயிற்று. முடிவு சரியே. ஆனால் இடையில் ஆறு மாதம் வதந்தி ஊரை ஆண்டது. ஐந்து வருஷம் ஆறு மாதமாகக் குறைந்தது முன்னேற்றந்தான். அம்மாதங்களில் இரண்டாவது அலை வீசிற்றென்பதையும் மறக்கக் கூடாது. கோவாக்சின் ஊசிக்கு 2021 ஜனவரியில் அவசர அனுமதி அளித்தபோது, அதன் பலனைக் காட்டும் மூன்றாங்கட்டச் சோதனையின் முடிவு வெளியாகியிருக்கவில்லை. பிற்பாடு வந்த முடிவு நன்றாகவே இருந்தது. எனினும், முடிவு வருமுன் சந்தேகம் கேட்டவர்களைத் தேசத்துரோகிகள் போல் ஏசியது எந்தச் சுகாதார சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது?

இதற்கு நேர்மாறான காரியம் ஒன்றும் தமிழ்நாட்டில் நடந்தது. 2020-ல் சென்னையின் கோவிட் மரணங்கள் கணக்கில் குறைந்திருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. சர்க்கார் குழு அமைத்துப் பதிவேடுகளை ஒத்துப்பார்த்தது. ஜூலை 22-ந் தேதி, விட்டுப்போன 444 மரணங்களைக் கணக்கில் சேர்த்து அறிவித்தது. எதிர்க்கட்சியார் ஏசினார்கள், ஏசட்டும். தன் கணக்கு பிசகென்று ஒப்புக்கொண்ட இலாகா நாளை சொல்லும் கணக்கை ஒருவன் நம்ப இடமுண்டு.

கோவிட் காலத்திலும் எடுத்தாளப்பட்டது அந்த 1897-ம் வருஷத்துச் சட்டமே. 2020-ல் அதைத் திருத்தினார்கள். வைத்தியர்களையும் ஊழியர்களையும் தாக்கிக் கொடுங்காயம் விளைத்தால் ஏழு வருஷம் வரை சிறை என்று சேர்த்தார்கள். அவசியமான திருத்தம். ஆனால் குடிகளின் பக்கம் அன்றிருந்த வெற்றிடம் அப்படியே விடப்பட்டது. அச்சட்டம் போதாதென்று சட்டக் கமிஷன் 2024-ல் அறிக்கை தந்திருக்கிறது. புதுச் சட்டம் எழுதுவோர் அதில் சில வரிகளைச் சேர்க்கட்டும். மரணக் கணக்கை ஜில்லாவாரியாகத் தினந்தோறும் வெளியிட வேண்டும். ஊசிக்குப் பின் நேரும் மரணத்தின் விசாரணையைக் குறித்த நாட்களுக்குள் முடித்து, அறிக்கை முழுவதையும் அச்சிட வேண்டும். ஒருவரைத் தனிமைப்படுத்தினால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்மேல் முறையிட அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். இறந்தவரை அவருடைய சமய முறைப்படி அடக்கஞ் செய்யும் உரிமையை, வைத்தியருக்கும் நோயாளிக்கும் ஒன்றுபோல, சட்டமே காக்க வேண்டும்.