வாடகை வீட்டில் அலாரம்: சாவியோடு ரகசிய எண்ணையும் கேட்டு வாங்குங்கள்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் சரியாக வருகிறதா, கூரை ஒழுகுகிறதா, அக்கம் பக்கத்தார் எப்படி என்றெல்லாம் விசாரிப்பார்கள். வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் எண்களைத் தட்டும் சிறிய பெட்டியைக் கண்டால், "அலாரமும் இருக்கிறது, நல்லதாகப் போயிற்று" என்று மகிழ்ந்து அத்தோடு விட்டுவிடுவார்கள். அதன் ரகசிய எண் என்ன, அது இன்னும் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்கள் மிகச் சிலர். ஒரு நள்ளிரவில் தாமான் முழுவதும் கேட்கும்படி அது அலறும்போதுதான் அந்தக் கேள்வியே எழுகிறது.

அலறினால் முதலில் கதவு, ஜன்னல்களைக் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து திரும்பும்போது பூட்டு உடைந்திருந்தால் உள்ளே போகாமல் 999 எண்ணுக்கு அழைப்பதே நல்லது. ஆனால் பழைய அலாரங்களில் பல நேரம் கோளாறு பேட்டரியில்தான் இருக்கும். ஸ்டோர் அறையிலோ படிக்கட்டுக்கு அடியிலோ மாட்டியிருக்கும் இரும்புப் பெட்டிக்குள், மின்சாரம் தடைபட்டாலும் அலாரம் இயங்குவதற்காக 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். அதன் ஆயுள் சுமார் 3 முதல் 5 ஆண்டுகள். சொந்த வீடென்றால் பார்த்து மாற்றுவோம். வாடகை வீட்டில், அது குடியிருப்பவர் வேலை என்று உரிமையாளரும், உரிமையாளர் பொறுப்பு என்று குடியிருப்பவரும் இருந்துவிடுவார்கள். பேட்டரி பலவீனமானால் எண் பெட்டி விட்டு விட்டு 'பீப்' ஒலி கொடுக்கும். அதைப் பொருட்படுத்தாதவர்கள், இடிமழையில் மின்சாரம் போகும் இரவில் தூக்கத்தை இழப்பார்கள்.

பதற்றத்தில் மெயின் சுவிட்சை அணைப்பதால் பயனில்லை. வெளிச்சுவரில் ஏறி சைரன் கம்பியை வெட்டுவது அதைவிட மோசம். திருடன் வெட்டினாலும் ஒலிக்க வேண்டும் என்றே பல சைரன்களுக்குள் தனி பேட்டரி வைத்திருக்கிறார்கள். வெட்டியவர் திருடனா, குடியிருப்பவரா என்று அதற்கு எப்படித் தெரியும்? அதோடு, உடைத்த பொருளுக்கான செலவு வைப்புத் தொகையில் கழிக்கப்படலாம். சரியான எண்ணைத் தட்டுவதே அடக்கும் வழி. எண் தெரியாவிட்டால் உரிமையாளரையும், அவர் மூலம் அலாரத்தைப் பொருத்திய நிறுவனத்தையும் அழைக்க வேண்டும். அன்றாடம் பயன்படுத்தும் எண் வேறு, அலாரத்தின் அமைப்பையே மாற்றுவதற்காகப் பொருத்துநர் வைத்திருக்கும் எண் வேறு.

சத்தம் ஓரிரவுத் தொல்லை. உண்மையான ஆபத்து, எண் பழையதாகவே இருப்பது. முன்பு குடியிருந்தவர், அவர் வீட்டில் வேலை செய்தவர், வீடு காட்டிய முகவர் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கலாம். பூட்டை மாற்றுகிற குடும்பங்கள்கூட எண்ணை மாற்ற மறந்துவிடுகின்றன. எண் பெட்டியில் நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்திருந்தால், எந்த இலக்கங்கள் என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும். குடியேறும் நாளிலேயே உரிமையாளரின் சம்மதத்தோடு புதிய எண் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு எண்ணையும் பிறந்த தேதியையும் தவிர்க்கலாம்.

கண்காணிப்பு நிறுவனத்தோடு இணைந்த அலாரமாக இருந்தால், அங்கே பதிவிலுள்ள கைத்தொலைபேசி எண் யாருடையது என்றும் கேட்க வேண்டும். வேறு ஊருக்குக் குடிபோனவருக்கு நள்ளிரவில் அழைப்பு போய் யாருக்கு என்ன பயன்? பழைய தொலைபேசிக் கம்பி வழியாகத் தகவல் அனுப்பும் அலாரமாக இருந்து, அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தால், சைரன் ஒலிக்குமே தவிர யாருக்கும் தகவல் போகாது.

பேட்டரிக்கும் மாதக் கட்டணத்துக்கும் யார் பணம் கட்டுவது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்ளலாம். கையெழுத்திடும் முன் உரிமையாளரை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை அலாரத்தை ஒலிக்கச் செய்து பார்ப்பதும் நல்லது. அக்கம் பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது சாவியோடு புதிய எண்ணையும் உரிமையாளரிடம் ஒப்படைத்து, கண்காணிப்பு நிறுவனத்தின் பதிவிலிருந்து தங்கள் தொலைபேசி எண்ணை நீக்கச் சொல்லிவிட வேண்டும்.