டேங்க் நிரம்பினால் குரல் கொடுக்கும் குட்டி சிப்... வீட்டிலேயே பழகலாம் ‘சி’ மொழி!

“மோட்டாரை நிறுத்துங்க... தண்ணி வழியுது!”

எதிர்வீட்டிலிருந்து இந்தக் குரல் கேட்காத தெரு அபூர்வம். மோட்டாரைப் போட்டுவிட்டு டி.வி முன்னால் உட்கார்ந்தால் மறந்துபோவது இயல்பு. மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டிய பிறகுதான் ஆளாளுக்கு ஓடுவார்கள். ‘மோட்டார் போட்டது யாரு?’ என்ற விசாரணை அதற்குப் பிறகு தனியாக நடக்கும்.

இந்தத் தினசரித் தலைவலிக்கு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு போர்டை வைத்து முடிவு கட்டலாம். ‘டேங்க் நிரம்பினால் சத்தம் போடு’ என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். அதற்கான மொழிதான் ‘சி’.

கல்லூரியில் ‘சி’ படித்தவர்கள் பலர் இருப்பார்கள். திரையில் நட்சத்திரக் குறிகளால் முக்கோணம் வரைந்து, பரீட்சை எழுதி, அத்தோடு மறந்திருப்பார்கள். அதே மொழி ஒரு விளக்கை எரிய வைக்கும்போது, ஒரு மணியை ஒலிக்க வைக்கும்போது, பாடம் வேறு மாதிரி மனதில் பதியும்.

ரிச்சியும் ரிச்சி தெருவும்

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970-களின் தொடக்கத்தில் ‘சி’ மொழியை உருவாக்கியவர் டென்னிஸ் ரிச்சி. இன்றைய போனோடு ஒப்பிட்டால் கையளவு நினைவகம் மட்டுமே இருந்த கம்ப்யூட்டருக்காக அவர் உருவாக்கிய மொழி இது. அதனால்தான், சின்னஞ்சிறு சிப்களுக்கு இன்றும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. சென்னை அண்ணா சாலையை ஒட்டி, எலெக்ட்ரானிக்ஸ் பொருள்கள் வாங்கப் போகும் ரிச்சி தெருவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். ஆனாலும், ‘சி’ பழகுபவர்கள் பொருள் வாங்க அந்தத் தெருவுக்குப் போவது பொருத்தமாகத்தானே இருக்கிறது!

வாங்க வேண்டியது அதிகமில்லை. ஓர் அர்டுயினோ உனோ போர்டு, ஒரு சின்ன பீசோ பஸ்ஸர், ஒரு ஃப்ளோட் சுவிட்ச், கொஞ்சம் ஒயர். அர்டுயினோ என்பது 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில், மாணவர்கள் எளிதாகப் பழகுவதற்காகத் தொடங்கப்பட்ட போர்டு. அதற்கான புரோகிராம் உண்மையில் ‘சி++’ மொழியைச் சேர்ந்தது என்றாலும், தொடக்கத்தில் நாம் எழுதும் வரிகள் கிட்டத்தட்ட எல்லாமே ‘சி’தான்.

போன் வேறு, சிப் வேறு

உனோ போர்டில் இருக்கும் ஏ.டி.மெகா 328பி சிப்பில், புரோகிராமை வைக்க 32 கிலோபைட், வேலை செய்யும்போது பயன்படுத்த வெறும் 2 கிலோபைட் நினைவகம். உங்கள் கையில் இருப்பது 4 ஜி.பி ரேம் போன் என்றால், அதில் இதைவிட சுமார் 20 லட்சம் மடங்கு இடம் இருக்கிறது! ஆனாலும் இந்தச் சிப் சும்மா இல்லை. அதன் கடிகாரம் விநாடிக்கு 1.6 கோடி முறை துடிக்கிறது. மிதவை ஒன்றைக் கவனித்து மணி அடிக்க இது தாராளம்.

இன்னொரு வித்தியாசம் முக்கியமானது. கம்ப்யூட்டரில் எழுதும் புரோகிராம் வேலையை முடித்ததும் நின்றுவிடும். சிப்பில் எழுதுவது மின்சாரம் இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அர்டுயினோவில் ‘செட்டப்’ என்ற பகுதி ஒரே ஒருமுறை நடக்கும். ‘லூப்’ என்ற பகுதி திரும்பத் திரும்ப நடக்கும். வாட்ச்மேன் டியூட்டிக்கு வந்து கையெழுத்துப் போடுவது செட்டப். விடிய விடியச் சுற்றிச் சுற்றி வருவது லூப்.

முதல் பாடம்: ஒரே ஒரு விளக்கு

உனோ போர்டிலேயே 13-ம் எண் பின்னோடு ஒரு குட்டி எல்.இ.டி இணைந்திருக்கும். அதை ஒரு விநாடி எரியவிட்டு, ஒரு விநாடி அணைப்பதுதான் முதல் புரோகிராம். உதாரணத்தை அப்படியே காப்பி செய்து ஓட்டிவிட்டு ‘கற்றுக்கொண்டேன்’ என்று நகர்ந்துவிடாதீர்கள். 1000 என்ற எண்ணை 100 ஆக்கினால் என்ன ஆகும், 10 ஆக்கினால் என்ன ஆகும் என்று முதலில் ஊகித்து, பிறகு ஓட்டிப் பாருங்கள். 10-ல் விளக்கு மினுக்குவதே தெரியாது. மங்கலாக எரிவது போலிருக்கும். உண்மையில் அது விநாடிக்கு 50 முறை எரிந்து அணைகிறது.

அந்த ஒரு வரிக்குள் என்ன நடக்கிறது? சிப்பின் பின்கள், எட்டு வரை சேர்ந்த குழுக்களாக இருக்கின்றன. ஒவ்வொரு குழுவையும் எட்டு சுவிட்ச் கொண்ட ஸ்விட்ச் போர்டாக நினைத்துக்கொள்ளுங்கள். 13-ம் பின் என்பது ‘போர்ட் பி’ குழுவில் ஒரு சுவிட்ச். 00100000 என்று அந்தக் குழுவுக்கு எழுதினால் விளக்கு எரியும். ஆனால், அதே குழுவில் 8-ம் பின்னில் இருக்கும் பஸ்ஸர் ஒலித்துக்கொண்டிருந்தால், அது நின்றுவிடும். காரணம், மற்ற ஏழு இடங்களிலும் நாம் 0 எழுதிவிட்டோம்! ஃபேனை நிறுத்தாமல் விளக்கை மட்டும் போட வேண்டும் என்றால், வெறும் சமக்குறிக்குப் பதிலாக |= என்ற குறியைப் போட வேண்டும். ‘1 உள்ள இடத்தை மட்டும் போடு, மற்றதைத் தொடாதே’ என்று அதற்குப் பொருள். சிப்களுக்கான ‘சி’யில் அடிக்கடி கண்ணில் படும் குறி இது.

இரண்டாம் பாடம்: கேட்கப் பழகுதல்

இனி ஃப்ளோட் சுவிட்ச். தண்ணீர் உயர்ந்து மிதவை மேலே வந்ததும் உள்ளே இரு முனைகளும் சேரும். ஒரு முனையை 2-ம் பின்னிலும், மறுமுனையை கிரவுண்டிலும் இணைக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். முனைகள் சேராதபோது அந்தப் பின் எதோடும் இணையாமல் இருக்கும். தாழ்ப்பாள் போடாத கதவு காற்றில் ஆடுவதுபோல, ஒருமுறை 1 என்றும் ஒருமுறை 0 என்றும் காட்டும். ‘இன்புட் புல்அப்’ என்று புரோகிராமில் குறிப்பிட்டால், சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டர் அதை 1-லேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படியானால் டேங்க் நிரம்பும்போது வருவது 0. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால், டேங்க் காலியாக இருக்கும்போது பஸ்ஸர் அலறும்!

அடுத்து, சமக்குறி. ‘சி’யில் ஒரு சமக்குறி என்றால் ‘இந்த மதிப்பை வை’. இரண்டு சமக்குறி என்றால் ‘சமமா என்று பார்’. ‘நிலை 0-வா?’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் போட்டால், புரோகிராம் மறுக்காமல் ஓடும். ஆனால், தண்ணீர் தெருவரை ஓடினாலும் பஸ்ஸர் வாயே திறக்காது.

தண்ணீர் விழும்போது மிதவை ஆடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு விநாடி தொடர்ந்து 0 வந்தால் மட்டுமே ‘நிரம்பிவிட்டது’ என்று முடிவு செய்வது நல்லது. அந்த இரண்டு விநாடியை எண்ண ‘டிலே’ வேண்டாம், ‘மில்லிஸ்’ போதும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பது டிலே. கடிகாரத்தில் ஒரு கண் வைத்துக்கொண்டு காய் நறுக்குவது மில்லிஸ்.

ஒரு நிமிடம் 49 நாளான கதை

பஸ்ஸர் ஒரு நிமிடம் ஒலித்துவிட்டு ஓய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் என்பது 60 x 1000 மில்லி விநாடி. அப்படியே எழுதினால் என்ன தப்பு?

கம்ப்யூட்டரில் தப்பில்லை. ஆனால், இந்தச் சிப்பில் ‘இன்ட்’ எனப்படும் சாதாரண முழு எண்ணின் உச்சம் 32,767. அறுபதாயிரம் அதற்குள் அடங்காது. வழிந்துபோய் மைனஸ் 5,536 ஆகிவிடும். அதை ‘அன்சைன்டு லாங்’ என்ற பெரிய பெட்டியில் போட்டால், அங்கே மைனஸுக்கு இடமில்லாததால் 429 கோடிக்கு மேற்பட்ட எண்ணாக மாறும். விளைவு, ஒரு நிமிடத்தில் ஓய வேண்டிய பஸ்ஸர் 49 நாள்களைத் தாண்டியும் ஓயாது!

வழிவதைத் தடுக்க வந்த புரோகிராமுக்குள்ளேயே எண் வழிந்துவிட்டது. தீர்வு சுலபம். 60-க்குப் பின்னால் ‘யு.எல்’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் கணக்கு பெரிய பெட்டியிலேயே நடக்கும்.

இது கற்றுக்குட்டிகள் மட்டும் செய்யும் தவறு அல்ல. போயிங் 787 விமானத்தின் மின் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளை அணைக்காமல் 248 நாள்கள் தொடர்ந்து இயக்கினால், உள்ளே ஓர் எண்ணி வழிந்து, எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே நேரத்தில் நின்றுவிடக்கூடும் என்று 2015-ல் தெரியவந்தது. அதற்குள் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திப் போடும்படி அமெரிக்க விமானத்துறை உத்தரவிட்டது. பெட்டியின் அளவு தெரியாமல் கொட்டினால், டேங்க்கானாலும் விமானமானாலும் வழியத்தான் செய்யும்.

தொடங்குபவர்கள் கவனத்துக்கு...

* போர்டு வாங்கும் முன்பே பழக, டிங்கர்கேட், வோக்வி ஆகிய தளங்களில் பிரவுசரிலேயே போர்டையும் ஒயரையும் இணைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

* அர்டுயினோ மென்பொருளின் செட்டிங்ஸில் ‘கம்பைலர் வார்னிங்ஸ்’ பகுதியை ‘ஆல்’ என்று மாற்றுங்கள். அறுபதாயிரம் வழிவதை அதுவே முன்கூட்டிச் சொல்லும்.

* தனியாக எல்.இ.டி இணைத்தால் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பின் தாங்கும் உச்சம் 40 மில்லி ஆம்பியர். 20-க்குள் இருப்பது நல்லது.

* ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஐந்தை மாற்றிவிட்டு ஓடவில்லை என்றால், எது காரணம் என்று தெரியாது.

* போர்டுக்கு 5 வோல்ட் போன் சார்ஜர் போதும். 230 வோல்ட் மோட்டார் லைனில் கை வைக்க வேண்டாம். மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஆசை வந்தால், எலெக்ட்ரீஷியன் துணையோடு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சோதனையை மொட்டை மாடியில் செய்ய வேண்டாம். பாத்ரூம் பக்கெட் போதும். குழாயைத் திறந்து, மிதவையைத் தொங்கவிட்டுக் காத்திருங்கள். தண்ணீர் மேலே வந்து, மிதவை எழும்பி, இரண்டு விநாடி கழித்து பஸ்ஸர் ஒலிக்கும் அந்தக் கணம்... ஒரு பக்கெட் நிரம்பியதற்கு அவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அதுவரை தெரிந்திருக்காது. குழாயை மூட மட்டும் மறந்துவிடாதீர்கள்!