பாதியில் நின்ற ஆட்டம்

சதுரங்கம் வெறும் பிள்ளை விளையாட்டல்ல; பலகையில் நடக்கும் பழங்காலப் போர். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படையே அதற்குப் பெயர் தந்தது. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் தோன்றி, பாரசீகம் சென்று, அரபிகளிடம் 'ஷத்ரன்ஜ்' ஆனது. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதின் அஸ்ஸூலீ என்ற அறிஞர் இதற்கென நூலே எழுதினார். அன்றைய மந்திரி சரிவாக ஒரு கட்டம் மட்டுமே நகர்வார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஐரோப்பாவில் அவர் பலம் மிக்க ராணியானார்.

தண்ணீரூற்றில் எனக்கும் பக்கத்து வீட்டுத் தமிழ்த் தோழிக்கும் அஸர் தொழுகைக்குப் பின் இதுதான் பொழுதுபோக்கு. தொலைந்த குதிரைக்குப் பதிலாக ஒரு சோடா மூடி. பந்தயம் மட்டும் கிடையாது. காசு வைத்தால் அது சூது என்பார் உம்மா.

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் ஆட்டம் பாதியில் நின்றது. நாங்கள் புத்தளத்தில் அகதிகளானோம். 2009இல் அவளும் வீடு வாசலை இழந்து முகாமுக்குப் போனாள்.

யுத்தம் முடிந்தபின் ஊருக்குப் போய் அவளைத் தேடினேன். பலகையும் இல்லை, சோடா மூடியும் இல்லை. கட்டிப்பிடித்து அழுது முடித்தவள் கேட்டாள்: "அண்டைக்கு ஆரின்ர முறை?"

"உன்ர முறைதான்" என்றேன்.

புதிய பலகை ஒன்று வாங்கினோம். இப்போது அவளுடைய பேத்தியும் என் பேரனும் அதில் ஆடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளும் அயல்வீட்டுப் பிள்ளைகளோடு ஆடட்டும், சகோதரிகளே!