ஏட்டில் அடங்காத குரல்

பேச்சுக்கலையில் தலையாயது எது என்று ஏதென்ஸ் நகரப் பேச்சாளர் டெமாஸ்தனிஸை வினவியபோது, சபையில் நிகழ்த்தும் முறையே என்று விடையளித்த அவர், இரண்டாவது எது, மூன்றாவது எது என்று கேட்டபோதும் அந்த விடையையே திருப்பிச் சொன்னார் என்று ரோமாபுரியின் சிசரோவும் குவிண்டிலியனும் எழுதிவைத்திருக்கிறார்கள். பொருளைத் தேடுதல், அதை வரிசைப்படுத்துதல், சொல்லால் அணிசெய்தல், நினைவில் நிறுத்துதல், நிகழ்த்துதல் எனப் பிரசங்கக் கலையை ரோமாபுரி ஆசிரியர்கள் ஐந்து அங்கங்களாக வகுத்தார்கள். முதல் நான்கும் சேர்ந்து சமைத்த உடலுக்குப் பிராணனைத் தருவது ஐந்தாவது அங்கமே.

அந்தப் பிராணன் டெமாஸ்தனிஸுக்குப் பிறப்பிலேயே வாய்த்த வரப்பிரசாதமன்று. மெலிந்த சாரீரமும் குறுகிய மூச்சும் குழறும் நாவும் கொண்டு முதன்முதலில் ஏதென்ஸ் மக்கள்முன் பேசிப் பரிகாசத்துக்கு ஆளான அவர், நிலவறை ஒன்றை அமைத்து, வெளியே தலைகாட்ட நாணும்படி சிரசில் ஒரு பாதியை மழித்துக்கொண்டு, மாதக்கணக்கில் அதனுள்ளேயே குரலையும் அங்க அசைவுகளையும் பழகினார் என்றும், வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசியும், மேட்டில் ஓடி ஏறியவாறே வாசகங்களை ஒப்பித்தும், பெரிய கண்ணாடியின்முன் நின்று தம்மைத் தாமே திருத்தியும் தேர்ச்சியடைந்தார் என்றும் அவரது சரிதத்தை எழுதிய புளூட்டார்க் கூறுகிறார்.

இத்தகைய அப்பியாசத்துக்கு இலக்கணம் கண்டவர் குவிண்டிலியன். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் 12 பாகங்களாக அவர் இயற்றிய பெருநூலின் 11-ஆம் பாகத்தில், குரல், பார்வை, கை, மேலாடையின் மடிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. நடுவிரலைக் கட்டைவிரலோடு சேர்த்து, ஏனைய மூன்றையும் நீட்டிக் கையை மெல்ல இருபுறமும் அசைப்பது பேச்சின் தொடக்கத்துக்கு ஏற்றது. இடக்கை மட்டும் தனித்து அசைவது பொருந்தாது. இவ்வளவு நுட்பமாக விதிகளை வகுத்த அவரே, தன் நெஞ்சு கனியாதவன் பிறர் நெஞ்சைக் கனிவிக்க இயலாது என்பதையும் வற்புறுத்தினார். பயிற்சி உணர்ச்சிக்குப் பாதை அமைக்கலாமேயன்றி, உணர்ச்சியின் ஸ்தானத்தில் தான் அமர்ந்துவிட முடியாது.

கி.மு. 330-இல், டெமாஸ்தனிஸுக்குக் கிரீடம் சூட்டுவது பற்றிய வழக்கில் அவரிடம் தோற்று ஏதென்ஸை விட்டு வெளியேறிய ஈஸ்கினிஸ் ஒரு காலத்தில் நாடக நடிகர். கம்பீரமான குரல் படைத்தவர். ரோட்ஸ் தீவில் அவர், தம் எதிரி அவ்வழக்கில் ஆற்றிய உரையைப் படித்துக்காட்ட, கேட்டோர் வியந்தனராம். அவனே பேசக் கேட்டிருந்தால் இன்னும் எவ்வளவு வியந்திருப்பீர்கள் என்றாராம் ஈஸ்கினிஸ். அவ்வுரை இன்றும் ஏட்டில் நமக்குக் கிடைக்கிறது; நிலவறையில் தவமிருந்து பெற்ற அந்தக் குரலோ, அன்று அதைக் கேட்டவர்களோடு போய்விட்டது.