73 வெற்றியும் ஒரு கிண்ணமும்

2016 மார்ச்சில் கோலாலம்பூர் மாபா அரங்கம் கொண்டாட்டத்தில் மூழ்கியது. லீக் சுற்றில் முதலிடம் பிடித்திருந்த வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ், ஆசியான் கூடைப்பந்து லீக்கின் இறுதித்தொடரில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை 3-2 என்று வென்றது. அணியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது கிள்ளான், பூலாவ் இண்டாவில் இருக்கும் அதே துறைமுக நிறுவனம்தான்.

மூன்றே மாதம் கழித்து இன்னொரு முதலிடக்காரரோ கவிழ்ந்தார். ஜூன் 20, திங்கட்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலக நாள் தொடங்கும் வேளையில் அமெரிக்காவின் ஓக்லண்டில் என்.பி.ஏ. இறுதித்தொடரின் ஏழாவது ஆட்டம். 82 லீக் ஆட்டங்களில் 73-ஐ வென்று சாதனை படைத்திருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், 57 ஆட்டங்களையே வென்றிருந்த கிளீவ்லண்டிடம் 89-93 என்று தோற்றது. அதுவும் 3-1 என்று முன்னிலையில் இருந்த பிறகு!

அப்படியானால் லீக் வெற்றிகளுக்கு மதிப்பே இல்லையா? நிறையவே உண்டு. கால்பந்தில் தற்செயலாக விழும் ஒரு கோல் ஆட்டத்தையே முடித்துவிடும். கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ நூறு தாக்குதல்கள் கிடைக்கின்றன. அதிர்ஷ்டம் அத்தனை முறையும் ஒரே பக்கம் நிற்காது. பயிற்றுநர் ஃபில் ஜாக்சன் சொன்ன கணக்கு ஒன்று பிரபலம்: 20 தோல்விக்கு முன் 40 வெற்றியை எட்டும் அணிதான் கிண்ணத்துக்கு உரியது. 1980-லிருந்து இந்தக் கணக்குக்கு அடங்காமல் வாகை சூடியவர்கள் சிலரே: 1995-இல் ஹூஸ்டன், 2004-இல் டிட்ராய்ட், 2006-இல் மயாமி, 2021-இல் மில்வாக்கி. இவர்களில் ஹூஸ்டன் மேற்குப் பிரிவில் ஆறாம் இடத்திலிருந்து வந்த அணி.

சிக்கல் பெருக்கலில் இருக்கிறது. எதிரணியை ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 60 விழுக்காடு வாய்ப்புள்ள அணியை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு 65 விழுக்காடு. ஏழு ஆட்டத் தொடர் என்றால் 71. நல்ல எண்தான். ஆனால் என்.பி.ஏ. கிண்ணத்துக்கு இப்படி நான்கு தொடர்களை அடுத்தடுத்து வெல்ல வேண்டும். நான்கையும் பெருக்கினால் மிஞ்சுவது வெறும் 25! வாய்ப்பு 70 விழுக்காடாக உயர்ந்தால் கிண்ணம் 58-க்குத் தாவுகிறது. வலிமையில் சிறு வித்தியாசம், முடிவில் பெரிய இடைவெளி.

தொடர் குறுகினால் பலவீனமான அணிக்குக் கொண்டாட்டம். தோற்றால் மீள நேரமும் இருக்காது. 2014-இல் டிராகன்ஸ் இறுதிக்கு வந்தது. பேங்காக் அணியிடம் இரண்டே ஆட்டங்களில் கதை முடிந்தது. ஏழு ஆட்டமும் எல்லாரையும் காப்பாற்றுவதில்லை என்பது வேறு விஷயம்: 2007-இல் 67 வெற்றியோடு வந்த டல்லாஸ், எட்டாம் இடத்து அணியிடம் முதல் சுற்றிலேயே வெளியேறியது.

வெற்றிப் பட்டியல் மறைக்கும் இன்னொன்று, யார் ஆடினார்கள் என்பது. 2000-01 பருவத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் பெற்றது 56 வெற்றிதான். கோபி பிரயண்ட் 14 ஆட்டங்களிலும் ஷகீல் ஓ'நீல் 8 ஆட்டங்களிலும் இறங்கவில்லை. பிளேஆஃப் எனும் கிண்ணத் தொடர்களில் இருவரும் சேர்ந்து நின்றபோது அந்த அணி 16 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் தோற்றது.