தடாகத்து மீனுக்குத் தற்காலிக இல்லம்

கொத்மலையில் வீட்டு முற்றத்துத் தடாகம் வெடித்து நீர் கசியுமாயின், அது சீராகும்வரை கோய் எனப்படும் யப்பானியக் கெண்டைகளை வீட்டினுள் வைத்துக் காக்க நேரும். அரை மீற்றருக்கு மேலும் வளரும் இம்மீனுக்குச் சிறு கண்ணாடித் தொட்டி போதாது. பலகைச் சட்டம் அடித்து, உள்ளே தடித்த பொலித்தீன் விரித்துக்கொள்ளலாம். 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், அரை மீற்றர் ஆழமுடைய தொட்டி 1,000 லீற்றர் நீர் கொள்ளும். அதன் நிறையோ ஒரு தொன்! ஆதலின் பலகைத் தளம் ஆகாது; சீமெந்துத் தரையே தக்கது.

இடநெருக்கத்தினும் கொடியது நீரின் கேடு. மீன் செவுள் வழியே கழிக்கும் அமோனியா அதற்கே நஞ்சாகும். அந்நஞ்சைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் பழைய வடிகட்டியிலே குடியிருக்கின்றன. அழுக்கென்று அதனைத் தேய்த்துக் கழுவுவோர் காவலரையே விரட்டியவராவர். ஈரம் உலராமல் அதை அப்படியே கொணர்ந்து பொருத்துதல் வேண்டும். தடாகத்து நீரிலும் பாதியைச் சேர்த்துக்கொள்வது நன்று. குழாய்நீரில் கலந்துள்ள குளோரீன் செவுளை அரிக்கும். ஓரிரு நாள் திறந்து வைத்தே வார்க்க வேண்டும். பீலித் தண்ணீருக்கு அக்குறை இல்லை. ஆயினும் அதன் குளிர் தணிய வேண்டும். காற்றூட்டி இரவும் பகலும் இயங்குக. முதற் சில நாள் இரை மிகக் குறைவாகவே இடுக.

புதிய இடத்திற்கு வந்த மீன் இரவில் வெளியே துள்ளி விழுவதுண்டு. தொட்டியின்மேல் வலை கட்ட மறத்தலாகாது.