மண்ணின் குணமும் இலையின் சத்தும்

பயிரின் இலை மஞ்சளித்தவுடன் யூரியா வாங்கி இடுவது நம் கிராமங்களில் வழக்கமாக இருந்து வருகிறது. தழைச்சத்துக் குறைவே காரணமாயின் அதனால் பயன் உண்டு. மண்ணிலுள்ள வேறொரு சத்து இலைக்குச் சென்று சேராமை காரணமாயின், செலவிட்ட பணம் வீணேயாகும். ஆகவே, மண்ணின் தாதுச் சத்துக்கள் இலையை அடையும் விதத்தை விவசாயப் பெருமக்கள் அறிந்திருத்தல் அவசியம்.

மண்ணில் சத்து இருத்தல் வேறு. அது பயிருக்குக் கிட்டுதல் வேறு. நீரில் கரைந்த சத்தையே வேர் உறிஞ்சும். அது கரைவது மண்ணின் அமில, கார நிலையைப் பெரிதும் பொறுத்தது. இந்நிலையை அளக்கும் எண் வரிசையில் 7 என்பது நடுநிலை. அதற்குக் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். எண் 5.5-க்குக் கீழே இறங்கினால் மாங்கனீசும் அலுமினியமும் மிகுதியாகக் கரையும். மணிச்சத்தோ இரும்புடனும் அலுமினியத்துடனும் பிணைந்துவிடும். காரம் மிகுந்தால் இரும்பும் துத்தநாகமும் கரையாமல் நின்றுவிடும்.

நீலகிரித் தேயிலை இதற்குத் தக்க சான்று. அமில மண்ணிலேயே செழிக்கும் அச்செடியின் முதிர்ந்த இலைகளில் அலுமினியமும் மாங்கனீசும் மிகுதியாகச் சேர்கின்றன. தென் அமெரிக்க மக்கள் தேநீர் போல் அருந்தும் மாத்தே இலையிலும், அந்நாட்டுச் செம்மண்ணின் குணத்தால் மாங்கனீசு மிகுந்து காணப்படுகிறது.

இனி நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தை நோக்குவோம். முந்திரியும் பலாவும் மணிலாவும் விளையும் இப்பகுதியின் செம்மண், செம்பொறை நிலங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கீழே கொண்டு செல்கிறது. மணிலாவில் இச்சத்து இலையிலிருந்து காய்க்கு இறங்குவதில்லை. மண்ணில் இறங்கிய விழுதும் இளங்காயும் அதை நேரே உறிஞ்ச வேண்டும். எனவேதான் செடி பச்சென்று இருந்தும் காய் பொக்காகப் போகிறது. விதைத்த 40 முதல் 45 நாட்களில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தல் இதற்குப் பரிகாரம். ஜிப்சம் சுண்ணாம்புச் சத்தைத் தருமேயன்றி அமிலத்தை மாற்றாது. அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பே இட வேண்டும்.

சுண்ணாம்பு மிகுந்த கரிசல் நிலத்தில் நிலைமை வேறு. அங்கே இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்குமாயின் அது இரும்புச் சத்துக் குறைவைக் காட்டும். அடியிலைகள் முழுவதும் மஞ்சளிப்பதே தழைச்சத்துக் குறைவின் அடையாளம். இவ்விரண்டையும் பிரித்தறிந்தாலே வீண் செலவு பெரிதும் குறையும்.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலுள்ள ஹியூமிக் அமிலம் இரும்பு, துத்தநாகம் முதலியவற்றைப் பற்றி நின்று வேருக்குக் கிட்டச் செய்ய வல்லது. எனினும் அது உரத்திற்குத் துணையேயன்றி மாற்று அன்று.

இவை யாவற்றிற்கும் முதற்படி மண் பரிசோதனை. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆறு அங்குல ஆழம் வரை மண் எடுத்து, நன்கு கலந்து, அரைக் கிலோவை ஆய்வுக்கு அனுப்புதல் போதும். வரப்போரத்திலும் எருக்குவித்த இடத்திலும் எடுத்தல் கூடாது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் இதற்கெனவே வகுக்கப்பட்டது. விருத்தாசலத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆலோசனையையும் நாடலாம். ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைத்து, விதைப்புக்கு முன்பே ஊர் முழுவதும் மண் மாதிரி சேகரிக்க முன்வருவார்களாயின், உரத்திற்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் விளைச்சலாகத் திரும்பும்.